வேலூர் மருத்துவப் பள்ளி, 1918: துணிச்சல் எந்த இடத்தில் இருந்தது?

வேலூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் போன யாருக்கும் திண்டிவனத்துக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். முதலில் ஒரு பிராமணர், அப்புறம் ஒரு முஸ்லிம், அப்புறம் இன்னொரு இந்து. மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, உள்ளே இருக்கிற இளம்பெண் வந்து உதவ வேண்டும். அவர் டாக்டர் இல்லை, அவருடைய அப்பாதான் டாக்டர். அப்பா வருவார் என்கிறார். ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போகிறார்கள். விடிந்தால் மூன்று பெண்களும் செத்துப்போயிருக்கிறார்கள். அந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். அன்றைக்கே டாக்டராவது என்று முடிவெடுத்தார், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. பிறந்தது என்று கதை முடியும்.

பள்ளி ஆண்டுவிழாவில் நாடகமாகப் போடுவதற்கு இது தோதான கதைதான். ஆனால் கல்வி மூலமாக ஊரில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு இதை முன்மாதிரியாகச் சொல்லும்போது ஒரு கெடுதல் நடக்கிறது. ஏதோ ஒரு ராத்திரியில் மனசு உடைய வேண்டும், அந்த வேகத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இறங்க வேண்டும், அதற்குப் பெயர்தான் துணிச்சல் என்று இளைஞர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் மாலை நேர வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். வேலையை விடலாமா சார் என்று வந்து நிற்பார்கள். அதனால் இந்த நிகழ்வை வருஷக் கணக்கோடு எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தால், துணிச்சல் அந்த ராத்திரியில் இல்லை, வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஐடா பிறந்தது 1870 டிசம்பரில், ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு மருத்துவ மிஷனரியாக வந்தவர், பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். குடும்பமே மிஷனரிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மரபை மீறுவது என்றால் மிஷனரி ஆகாமல் இருப்பதுதான், ஐடாவும் இளமையில் அதைத்தான் விரும்பினார். அமெரிக்காவில் படித்து அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டும் என்பதே எண்ணம். 1890-ல் அவர் திண்டிவனம் வந்தது உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனித்துக்கொள்ளத்தான். கடைசியில் தாத்தாவும் அப்பாவும் போன வழிக்கே வந்து சேர்ந்தார். மரபை உடைத்த பெண் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போவதற்கு இவர் வாழ்க்கை அவ்வளவு வசதியாக இல்லை.

வருஷங்களைப் பாருங்கள். திண்டிவனத்துக்கு வந்தது 1890-ல். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895-ல், பென்சில்வேனியாவில் பெண்களுக்கான கல்லூரி ஒன்றில். கடைசிக் கட்டத்தில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். இடைப்பட்ட வருஷங்களில் அவர் திண்டிவனத்தில் அம்மாவுக்குத் துணையாக இருந்துகொண்டு பெண்பிள்ளைகள் பள்ளியையும் பார்த்துக்கொண்டார். அதாவது, கதவு தட்டிய மறுநாள் காலையில் யாரும் புரட்சிக்குக் கிளம்பவில்லை. முடிவெடுத்திருக்கலாம், ஆனால் கையில் தகுதி வரும்வரை அது வெறும் முடிவுதான். வேலையை விடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இடைவெளியைத்தான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்ததில் வேலூர் முதல் ஊர் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்தது, அந்த முதல் வரிசையில் வந்தவர் மேரி ஷார்லீப். 1885-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி வந்துவிட்டது, அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்கென்றே தனி மருத்துவமனை. இந்தியாவின் முதல் பெண் டாக்டர்களான ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் 1886-லேயே மருத்துவம் முடித்தார்கள். லூதியானாவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1894-ல் ஆரம்பமானது. நம் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் பட்டம் வாங்கினார். அப்படியென்றால் வேலூரில் என்னதான் புதிது? இதுவரை சொன்னதில் பாதி தலைநகரத்துக் கதை, மீதி தனியாகப் போராடி மேலே வந்த ஒரு சிலரின் கதை. ஒரு ஜில்லாத் தலைநகரில், சிறு ஊர்களிலிருந்து வரும் பெண்களைக் கூட்டமாக உட்காரவைத்து டாக்டராக்கி, திரும்ப சிறு ஊர்களுக்கே அனுப்புவது என்கிற ஏற்பாடு எங்கள் பக்கத்தில் அதுவரை இல்லை.

சரி, 1900-க்கு வருவோம். வேலூரில் அப்பாவின் பங்களாவில் ஒரு சின்ன இடத்தில் சிகிச்சை ஆரம்பமாகிறது. சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோகிறார். யாரிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்று வந்தாரோ அவர் இல்லை. இருந்தும் இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 நோயாளிகளைப் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் 1902-ல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று இன்றைக்கும் அது நிற்கிறது, பஸ் கண்டக்டர்கள் சொல்லும் ஸ்டாப்பிங் பெயரே அதுதான். இந்தக் கட்டம்வரை இது ஒரு நல்ல டாக்டரின் கதை மட்டுமே. அப்படிப்பட்ட நல்ல டாக்டர்கள் மிஷனில் நிறையப் பேர் இருந்தார்கள்.

கதை திரும்புவது 1909-ல், செவிலியர் பள்ளி ஆரம்பித்தபோது. இதை யாரும் நாடகமாகப் போடுவதில்லை. ரத்தமும் மலமும் தொடுகிற வேலை, முன்பின் தெரியாத ஆண்களின் நடமாட்டம் உள்ள இடம், ராத்திரி டியூட்டி. எந்தச் சாதியில் பிறந்த பெண்ணாக இருந்தாலும் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதைச் சம்பளமும் மரியாதையும் உள்ள படிப்பாக மாற்றுவது என்பது மருந்து கொடுப்பதைவிடப் பெரிய வேலை. அப்புறம் சாலையோர மருத்துவம். குடியாத்தம் ரோட்டில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள், டாக்டர் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே போவார். அந்தச் சாலையில்தான் கணக்கு அவருக்கே புரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒவ்வொரு மரத்தடியிலும் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது, டாக்டர் ஒருவர்தான். இந்தக் கணக்குக்கு இன்னும் கடினமாக உழைப்பது விடை ஆகாது.

இங்கேதான் முதல் துணிச்சல். 1918-ல் அவருக்கு 47 வயது. கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. மருத்துவமனை ஓடுகிறது. அப்படியே இருந்து ஓய்வு பெற்றிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் தான் செய்கிற வேலையை இன்னும் பல பேர் செய்யக் கற்றுக்கொடுப்பது, அதாவது தான் இல்லாவிட்டாலும் நடக்கும்படி செய்வது என்று இறங்கினார். நல்ல காரியம் செய்கிற நிறையப் பேருக்கு இந்த இடம்தான் தொண்டையில் சிக்குகிறது. டியூஷன் சென்டரை இலவசமாகப் பத்து வருஷம் நடத்துவார்கள், சாவியை இன்னொருவரிடம் கொடுக்க மனசு வராது.

பள்ளிக்கு அனுமதி கேட்டபோது மாகாண சர்ஜன் ஜெனரல், ஆறு பேர் விண்ணப்பித்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொன்னதாக ஒரு கதை உண்டு, ஆறு பேர் வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில். வந்தது 151 விண்ணப்பங்கள். அதில் இருபதுக்கும் குறைவானவர்களைத்தான் சேர்க்க முடிந்தது. 1918 ஆகஸ்ட் 12-ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு வந்து திறந்துவைத்தார். உலகப் போர் இன்னும் முடியவில்லை. கல்லூரி வளாகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, இன்று பாகாயத்தில் இருக்கிற வளாகத்துக்குக் குடிபோனதெல்லாம் 1930-களில்தான். கட்டடம் வரட்டும், அப்புறம் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் பதினைந்து வருஷத்துக்கு ஒரு பெண்ணும் படித்திருக்க மாட்டாள்.

படிப்பும் எம்.பி.பி.எஸ். இல்லை, எல்.எம்.பி. என்கிற நான்கு வருஷப் பட்டயம். அந்தக் காலத்தில் இரண்டாம் தரம் என்று கருதப்பட்ட படிப்பு. ஆனால் கிராமத்துப் பிரசவத்துக்கு அது போதும், செலவும் குறைவு. இந்தச் சமரசத்தை நான் மதிக்கிறேன். முதல் வருஷத் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள், அதே தேர்வில் மாகாணத்து ஆண்களில் தேறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். 1922-ல் முதல் அணி படித்து முடித்து வெளியே வந்தது.

இனி அந்தப் பெண்கள் பக்கம் போவோம். எல்லாரும் ஐடாவின் துணிச்சலைப் பேசுகிறார்கள். அவருக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது, அமெரிக்காவில் நண்பர்கள் இருந்தார்கள், தோற்றால் திரும்பிப் போக ஊர் இருந்தது. 151 விண்ணப்பம் போட்ட பெண்களுக்கு என்ன இருந்தது? சென்னை மாகாணத்தில் நூறு பெண்களில் மூன்று பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாத காலம். பெண்ணின் கல்யாண வயது 14 என்று சொன்ன சாரதா சட்டமே 1929-ல்தான் வந்தது. 1918-ல் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் கல்யாணம் ஆகாமல் ஹாஸ்டலில் தங்கி, பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கிறாள் என்றால் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பிணத்தைத் தொட்டால் தலை முழுக வேண்டும் என்கிற ஊரில், தினம் பிணத்தோடு உட்காருவது. இந்தப் பெண்களின் அப்பா அம்மாக்கள் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய் என்ன பதில் சொல்லிச் சமாளித்தார்களோ. ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மிஷன் பள்ளி இருந்த குடும்பங்களில்தான் உயர்நிலைப் பள்ளி முடித்த பெண்ணே கிடைப்பாள். அப்படிப் பார்த்தால் இந்த 151 விண்ணப்பங்களுக்குப் பின்னால் ஐம்பது அறுபது வருஷப் பெண்பள்ளிகள் இருக்கின்றன, பெயர் தெரியாத வாத்தியாரம்மாக்கள் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்துச் சேரிகளிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் ஒரு பெண் அந்த வகுப்பறைக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் ஆனது. அந்தக் குறையையும் இந்த ஆய்வில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது துணிச்சல் இருபது வருஷம் கழித்து. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. சுகாதார மந்திரி டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். இரண்டாம் தரப் பட்டயம் எதற்கு, டாக்டர் என்றால் எல்லாருக்கும் ஒரே தரப் படிப்பு இருக்க வேண்டும் என்று 1938-ல் அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்துகிறது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எம்.பி.பி.எஸ். நடத்து, இல்லாவிட்டால் மூடு. கொள்கையாகப் பார்த்தால் அரசு சொன்னதில் தப்பில்லை. கிராமத்துக்கு மட்டும் குறைந்த படிப்பு படித்த டாக்டர் என்பது எவ்வளவு நாள் நியாயமாக இருக்க முடியும்? ஆனால் வேலூருக்கு அது தலைக்கு மேல் வந்த வெள்ளம். எம்.பி.பி.எஸ். என்றால் இத்தனை படுக்கை, இத்தனை துறை, இத்தனை பேராசிரியர், இவ்வளவு ஆய்வுக்கூடம் என்று பட்டியல் நீளும். புதிதாகச் சேர்க்கை நடத்த முடியாத நிலை. ஐடாவுக்கு எழுபது வயதை நெருங்குகிறது.

பணத்துக்கு ஒரு வழி தெரிந்தது, ஆனால் அது கசப்பான வழி. ஆண்களையும் சேர்த்தால், இந்தியாவில் வேலை செய்யும் மற்றச் சபைகளும் மிஷன்களும் தங்கள் பணத்தை இங்கே போடத் தயார். பெண்களுக்கு மட்டும் என்றால் அவ்வளவு ஆதரவு கிடைக்காது. யோசித்துப் பாருங்கள், ஆண் டாக்டரிடம் போகாத பெண்களுக்காக, பெண்களின் பணத்தில், பெண்களுக்கென்றே கட்டிய பள்ளி அது. 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவில் உள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் வீடு வீடாக நிதி திரட்டினார்கள். நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்று ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை சொல்லியிருந்தது, அந்தப் பணத்தில் வேலூருக்கும் பங்கு உண்டு. அந்தத் திரட்டலுக்குத் தலைமை தாங்கிய லூசி பீபடி, ஆண்களைச் சேர்க்கும் யோசனையைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று வாங்கிய பணம், பெண்களுக்கென்று கட்டிய இடம், அதை எப்படிப் பொதுவாக்கலாம் என்பது அவர் கேள்வி. ஐடாவின் நெருங்கிய ஆதரவாளர் வட்டமே இரண்டாகப் பிளந்தது.

ஐடா ஆண்களைச் சேர்க்கும் பக்கம் நின்றார். அதற்கப்புறம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது எழுபது வயதைத் தாண்டியவர் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1946-ல் செவிலியர் பள்ளி பட்டப் படிப்பு தரும் கல்லூரியானது, இந்தியாவின் முதல் செவிலியர் பட்டக் கல்லூரிகளில் அது ஒன்று. 1947-ல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். பிறகு தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் டாக்டர் ஹில்டா லாசரஸ், அவரும் பெண்தான். ஐடா 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

ஊர் வழக்கத்தை எதிர்த்துப் போகிறவருக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டமாவது கைதட்டும். தானே இருபது வருஷம் கட்டிக் காத்த வழக்கத்தைத் தானே உடைக்கும்போது கைதட்டுகிற கூட்டமே எதிரில் வந்து நிற்கும். 1918-ஐவிட இது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

அதே கல்லூரி 2017-ல் வேறு மாதிரி நடந்துகொண்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். நீட் மதிப்பெண்ணை வைத்துப் பொதுக் கலந்தாய்வு மூலம்தான் சேர்க்க வேண்டும் என்றபோது, எங்கள் நேர்முகத் தேர்வும் கிராமங்களில் சேவை செய்யும் ஒப்பந்தமும்தான் எங்கள் அடையாளம் என்று சொல்லி அந்த ஆண்டு 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் 99-ஐக் காலியாகவே விட்டார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் நீட் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. 1938-ல் வளைந்து கொடுத்துக் காப்பாற்றியதும், 2017-ல் வளைய மறுத்ததும் ஒரே இடத்தில் நடந்திருக்கிறது. எது சரி என்று ஒரே விதி போட்டுச் சொல்ல முடியாது. 99 இடம் காலி என்றால் 99 பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் அந்தக் கதவு சாத்தியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஆகிற விஷயம் என்ன என்று கேட்டால், பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் கடைசியாகப் பேசுகிறார்கள். பத்தாயிரம் டாலர் கொடுக்க ஒரு ஷெல் நமக்குக் கிடையாது. பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற வீட்டுப் பெண், குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன், முதல் முறையாகப் பட்டப் படிப்பு முடித்துவிட்டுத் தன் தெருவில் வகுப்பு ஆரம்பிக்கிறார்கள் என்றால் அவர்கள் பின்னால் நிற்கும் சபையும் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. அவர்களிடம் போய் ஐடாவைப் போல வா என்று சொல்வது அநியாயம். அந்த 151 பேரைப் பற்றிச் சொல்லலாம். அது அவர்களுக்குப் பொருந்துகிற கதை.

எடுத்துக்கொள்ளக்கூடிய நடைமுறைகளும் சில இருக்கின்றன. ஆறு பேர் என்று அளவு வைத்து ஆரம்பிப்பது நல்ல பழக்கம். ஐம்பது பிள்ளை வந்தால்தான் வகுப்பு என்று இருக்கிறவர்கள் ஆரம்பிப்பதே இல்லை, இரண்டு பிள்ளைக்காக வேலையை விட்டவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். அனுமதி, பதிவு, தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை, இதையெல்லாம் முதலிலேயே முடித்துக்கொள்வது கோழைத்தனம் இல்லை. தன் வேலை என்ன மட்டத்தில் தொடங்கினால் உண்மையில் உதவும் என்று பார்த்து அந்த மட்டத்திலேயே தொடங்குவது, பிறகு மேலே ஏற்றுவது. எல்.எம்.பி.யில் ஆரம்பித்ததால்தான் எம்.பி.பி.எஸ். வரை வர முடிந்தது. இரண்டாவது ஆளைத் தயார் செய்யும் வேலையை முதல் வருஷத்திலேயே தொடங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன், இதற்கு மட்டும் யாரும் தலையாட்டுவதில்லை.

பயிற்சியில் இந்த நிகழ்வை எடுத்தால் பாதி நேரத்தை 1938-க்குத்தான் ஒதுக்குகிறேன். லூசி பீபடி பக்கம் நில்லுங்கள், ஐடா பக்கம் நில்லுங்கள் என்று அறையை இரண்டாகப் பிரித்துவிடுவேன். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பீபடி பக்கம் போய் நிற்பார்கள். பையன்களைச் சேர்த்தால் பெற்றோர் பெண்ணை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிற அனுபவம், அதை எதிர்த்து வாதாட எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் திணறுவார்கள். அக்கா, பணம் இல்லாமல் மூடிவிட்டால் பெண்ணுக்கும் சேர்த்துத்தானே வகுப்பு போகும் என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கேட்பான். மூடினால் பரவாயில்லை தம்பி, எங்கள் பிள்ளைகளை வேறு தெருவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வரும். நான் தீர்ப்பு சொல்வதில்லை. கேட்டால், 1938-ன் கணக்குப்படி ஐடா செய்தது சரி என்றுதான் சொல்வேன், அந்தத் தெருவின் கணக்கு அந்த அக்காவுக்குத்தான் தெரியும் என்றும் சொல்வேன்.